மரம் பழையது, துணி புதியது: சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுக்கு வண்ணம் சேர்க்க மூன்று வழிகள்

அம்மாபேட்டையில் சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருக்கும் இளம் தம்பதியும், ஏற்காட்டில் ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு அறை கொண்ட வீட்டை வாங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், ஒருவரையொருவர் அறியாமல், ஏறத்தாழ ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். ஷோரூமில் ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் சோபாவும் கண்ணாடி மேசையும் வேண்டாம்; கூடத்தில் நிறம் தெரிய வேண்டும், கைவேலை தெரிய வேண்டும். அதற்குப் பழைய சாமான் கடைகளில் தேடுவதா, நெசவாளரிடமும் தச்சரிடமும் புதிதாகக் கைவேலைப் பொருளாக வாங்குவதா, அல்லது ஊரில் பாட்டி வீட்டுப் பரணில் கிடப்பதை இறக்கிச் சீர் செய்வதா?

மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றிலும் பணத்தை வீணாக்கியும் இருக்கிறேன். ஆகவே விலையை மட்டும் பார்க்காமல், பொருள் வீட்டுக்குள் வந்த பிறகு என்ன கேட்கும் என்பதையும் சேர்த்து எடைபோடுகிறேன்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, முழுச் செலவு. கடையில் கொடுக்கும் தொகையோடு வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, ஆசாரி கூலி, பாலிஷ், பூட்டு, கீல் ஆகியவற்றையும் கூட்டிய தொகையே உண்மையான விலை. இரண்டாவது, காத்திருக்கும் காலம். மூன்றாவது, தட்பவெப்பம், இதைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். சேலத்துக் கோடையில் மரம் சுருங்கி வெடிக்கிறது. மேற்கு ஜன்னல் வெயிலில் சாயம் வெளிறுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ, மழைக்காலத்தில் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும். அங்கே பருத்தியில் பூஞ்சை பிடிக்கிறது, பித்தளை சீக்கிரம் கறுக்கிறது, மர இழுப்பறைகள் ஊதி இறுகிக்கொள்கின்றன. ஒரே பொருள் இந்த இரண்டு ஊர்களிலும் இருவேறு விதமாக வயதாகும். நான்காவது, உடல்நலமும் சட்டமும். ஐந்தாவது, வீடு மாறும்போது அந்தப் பொருள் கூட வருமா என்பது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே முதலாவதாக இருக்க வேண்டும்.

வழி ஒன்று: பழைய சாமான் கடைகள்

செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளில் ஓட்டு வீடு ஒன்று இடிபட்டு அடுக்குமாடி எழும்போது, நிலைக்கதவு, ஜன்னல், மரத்தூண், ஊஞ்சல் பலகை, பாத்திர அலமாரி என்று ஒரு குடும்பத்தின் மொத்த மரமும் பழைய மரக்கடைக்கு வந்து சேர்கிறது. கூடவே வரும் பித்தளை பெரும்பாலும் எடைக்குப் போகிறது. உருக்குவதற்கு முன் பாத்திரக் கடைக்காரரிடம் கேட்டால், எடை விலைக்குச் சற்று மேலே கொடுத்து ஒரு குத்துவிளக்கையோ தவலையையோ எடுத்துக்கொள்ள முடியும். வண்ணத்தை மட்டுமே தேடுபவர்களுக்கு, ஒரு நாளை ஒதுக்கிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்வருவதும் பயனுள்ளது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் தட்டுகளும் தூக்குகளும், ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்யப்பட்டவை உட்பட, நீலமும் பச்சையும் மஞ்சளுமாக அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம் மரத்தின் முதுமை. ஐம்பது, அறுபது கோடைகளைப் பார்த்துவிட்ட தேக்குப் பலகை சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கிவிட்டது. இன்னொரு சேலத்துக் கோடை அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இன்று அறுத்த மரத்தில் இந்த உறுதியை என்ன விலை கொடுத்தாலும் வாங்க முடியாது.

மறைந்த செலவுகளோ இந்த வழியில்தான் மிக அதிகம். என் கணக்கையே சொல்கிறேன். கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கி, மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். வீடு கொண்டுவர வண்டிக்கு 1,200, ஆசாரி கூலி 3,500, பாலிஷ் 2,800, கீலும் பூட்டும் 600 என்று முடிவில் 17,100 ரூபாய் ஆயிற்று. அதிலும், ஆசாரி இழைப்புளியை ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்திக்கொண்டு, "பக்கப் பலகை மட்டும் தேக்குங்க, பின்னாடி போட்டது வேற மரங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கடைக்காரர் சொன்ன "முழுத் தேக்கு" என்ற வார்த்தைக்கு நான் எவ்வளவு கொடுத்திருந்தேன் என்பது புரிந்தது. அன்றிலிருந்து முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்க்கிறேன். இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்து, அடிப்பலகையையும் மூலை மூட்டையும் பார்க்கிறேன்.

பார்க்க வேண்டிய இன்னும் சில. மரத்தில் குண்டூசித் தலையளவு துளைகள் இருப்பதால் மட்டும் ஒரு பொருளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. துளைக்குக் கீழே மாவு போன்ற புதிய தூள் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்; அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் பரவும். பிரம்பு நாற்காலியிலும் நாடாக் கட்டிலிலும் மூட்டுகளின் இடுக்கில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பித்தளை என்று சொல்லித் தருவதில் காந்தம் ஒட்டினால், உள்ளே இருப்பது முலாம் பூசிய இரும்பு.

வண்ணம் பூசிய பழைய மரச்சாமான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வண்ணம் தேடுபவர்களின் கண் முதலில் அவற்றில்தான் விழும். உரிந்து நிற்கும் பச்சையும் நீலமும் அழகுதான். ஆனால் இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்திய விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அப்படிப்பட்ட பொருளை வைக்கக் கூடாது. சுரண்டுவதானால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரமாகத் தேய்த்து, துடைத்த துணியை எறிந்துவிட வேண்டும். சில்லு பெயர்ந்த பழைய எனாமல் தட்டும் சுவரில் மாட்டுவதற்கு உரியது. அதில் சாப்பாடு பரிமாற வேண்டாம். பழைய பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே வெள்ளீயம் (கலாய்) பூசாமல் புளிக்குழம்பு வைப்பதும் அப்படியே தவிர்க்க வேண்டியது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-ன்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் முதலியவை தொல்பொருளாகும். சுவடிகளுக்கு 75 ஆண்டு. அவற்றை விற்க உரிமம் வேண்டும். பழைய சாமிச் சிலையோ கோயில் தேரிலிருந்து கழன்ற மரச்சிற்பமோ "பழசுங்க, ரொம்பப் பழசு" என்ற பெருமிதத்தோடு காட்டப்பட்டால், அந்தப் பழமையே வாங்காமல் திரும்புவதற்கான காரணம். அலமாரியும் நாற்காலியும் எனாமல் தட்டும் தேடிப் போனவர்களுக்கு இந்தச் சங்கடம் அநேகமாக நேராது.

வழி இரண்டு: கைவேலைப் பொருளைப் புதிதாக வாங்குவது

சேலத்தில் இருப்பவர்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி உண்டு: சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள். சங்ககிரி, குமாரபாளையம் வழியாகப் போய்க் காவிரியைத் தாண்டினால் பவானி. அங்கே நெய்யப்படும் ஜமக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடத்துக்கு நிறம் சேர்க்க ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

அதன் நிறம் ஏன் அவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பதைத் தறியருகே போய்ப் பார்த்தால்தான் விளங்கும். நெசவாளர் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்யும் குழித்தறியில், அகலமான விரிப்பாக இருந்தால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பாதி தூரம் தள்ளும் நாடாவை (நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டையை) மற்றவர் வாங்கி மறுபக்கம் அனுப்புகிறார். இப்படிக் குறுக்கே ஊடையாகப் போவது தடித்த பருத்தி நூல். ஒவ்வொரு இழைக்கும் பலகையை இழுத்து அடிக்கும்போது அது நெருங்கி உட்கார்ந்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஏறத்தாழ மறைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது முழுவதும் ஊடையின் நிறம் மட்டுமே. அதனால்தான் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று அகலப் பட்டைகளாக, வேறெந்த நிறமும் கலக்காமல், தூரத்திலிருந்தே தெரியும்படி அது விழுகிறது.

பிடித்த நிறத்தை வாங்குவதற்கு முன் தரையைப் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரைமேல் சிவப்பு மிகுந்த ஜமக்காளம் காணாமல் போய்விடும். அங்கே பச்சையும் நீலமும் முன்னால் நிற்கும் விரிப்பே பொருந்தும். வெள்ளை டைல்ஸ் போட்ட புதிய வீட்டுக்கோ அந்தச் சிவப்பேதான் வேண்டும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

இங்கே மறைந்த செலவு போலிப் பொருள். கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. ஆயினும் விசைத்தறியில் நெய்த விரிப்புகள் "பவானி" என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கையில் தூக்கியும் பாருங்கள்: விசைத்தறி விரிப்பு பெரும்பாலும் இலேசாக இருக்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. பவானி வரை போக முடியாதவர்களுக்கு 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் உண்டு. தீபாவளித் தள்ளுபடிக் காலம் வரை பொறுத்தால் போர்வையும் திரைத்துணியும் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

மரத்தில் கைவேலை வேண்டுமென்றால், நம் மாவட்டத்திலேயே, ஆத்தூர் வழியாகப் போனால் தம்மம்பட்டி. வாகை போன்ற நாட்டு மரங்களில் சாமி உருவங்களும் வாகனங்களும் மயில்களும் செதுக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வண்ணம் பூசியும் கிடைக்கும், பூசாமலும் கிடைக்கும். ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னால் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் நன்றாகக் காயாத மரத்தில் செதுக்கியது வந்து சேர்ந்து, அடுத்த சித்திரையில் முகத்தின் குறுக்கே வெடிப்பு விடும். முடித்து வைத்து ஓராண்டு ஆன உருவத்தை அங்கேயே தேடி எடுப்பது மேல்.

கோரைப் பாய்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவானது, சுருட்டி எடுத்துச் செல்ல எளிதானது, சேலத்து வெப்பத்துக்கு ஏற்றது. ஏற்காட்டு ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் புள்ளி விழுந்துவிடும்.

வழி மூன்று: பரணில் கிடப்பதைச் சீர் செய்வது

இது செலவில்லாத வழி என்று தோன்றும், அப்படியல்ல. ஆனால் பொருளின் கதை நமக்குத் தெரியும்: எந்த மரம், எப்போது வாங்கியது, வண்டு அரித்ததா என்றெல்லாம் யாரையும் நம்ப வேண்டியதில்லை. முதல் வழியின் பாதி ஆபத்து இதனால் நீங்குகிறது.

இதில் மிகுந்த வண்ணமும் மிகக் குறைந்த செலவும் சேரும் இடம் பின்னல் நாற்காலி. மரச்சட்டம் உறுதியாக இருந்து இருக்கை மட்டும் தொய்ந்து கிழிந்த பழைய நாற்காலி அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அதற்குப் பிரம்பே மறுபடி போட வேண்டும் என்பதில்லை. கூடை பின்னும் பிளாஸ்டிக் ஒயரை இரண்டு நிறத்தில் வாங்கிப் பின்னச் சொல்லலாம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று கூடை முடிச்சுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு விடுமுறை முழுவதும் பின்னிய பெண்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அத்தை என்றோ அக்கா என்றோ அழைக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், அதைவிடத் தேர்ந்த கை வேறெங்கும் கிடைக்காது. கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். உறவென்பதால் இலவசமாக வாங்கிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஒயர் ஈரத்துக்கு அஞ்சுவதில்லை என்பதால் ஏற்காட்டுத் திண்ணைக்கும் இது பொருந்தும். சேலத்து மொட்டைமாடி வெயிலில் மட்டும் விட்டுவிடக் கூடாது, நாளடைவில் நொறுங்கும்.

பழைய பட்டுப் புடவையை வெட்டித் தலையணை உறை தைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. இதில் நிதானம் வேண்டும். அசல் வெள்ளிச் சரிகை உள்ள புடவையை அந்தச் சரிகைக்காகவே விலை கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. கத்தரிக்கோலை எடுக்கும் முன் அதன் மதிப்பைக் கேட்டுவிடுவது நல்லது. நெடுநாள் மடித்தே வைத்த பட்டு மடிப்புக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். அந்த இடத்தை ஒதுக்கி, உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துத் தைக்காவிட்டால் மூன்று மாதம் தாங்காது. நாள்தோறும் சாய்ந்து உட்காரும் இடத்துக்குப் பட்டைவிடப் பழைய சுங்குடியோ பருத்திச் சேலையோ மேலானது.

இந்த வழியின் மறைந்த செலவு பணமல்ல, உறவினரின் மனம். பாட்டியின் அலமாரிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த பிறகு, அதே அலமாரியில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்திருந்த பெரியப்பாவுக்கு விளக்கம் சொல்ல நேரும். இறக்குவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மூன்றையும் அருகருகே வைத்தால்

| | பழைய சாமான் கடை | புதிய கைவேலை | பரண் பொருள் |
|---|---|---|---|
| முழுச் செலவு | சொன்ன விலையைப் போல இரு மடங்கு வரை போகலாம் | சொன்ன விலையே ஏறத்தாழ இறுதி | கூலி மட்டும் |
| காத்திருப்பு | தேடும் வாரங்கள் அதிகம் | ஆர்டர் என்றால் அதிகம், கடையில் உடனே | ஆசாரி வரும் நாள் |
| சேலத்து வெயில் | மரம் நன்றாகத் தாங்கும் | புதிய மரம் வெடிக்கலாம், சாயம் வெளிறலாம் | தாங்கும் |
| ஏற்காட்டு ஈரம் | பித்தளைக்கு வேலை கூடும் | தடித்த பருத்திக்கும் பாய்க்கும் ஆபத்து | ஒயர்ப் பின்னலுக்குக் கவலையில்லை |
| ஏமாற்று | அதிகம் | விசைத்தறிப் போலி மட்டும் | இல்லை |
| வீடு மாறும்போது | பாரம் | சுருட்டி எடுக்கலாம் | பொருளைப் பொறுத்தது |

எவருக்கு எது

என் தீர்ப்பு, தலைப்பில் சொன்னதுதான்: மரமும் உலோகமும் பழையதாகவும், உடம்பில் படும் துணியும் விரிப்பும் புதியதாகவும் இருக்கட்டும். முன்னவற்றுக்கு வயது வலிமை தருகிறது. பின்னவற்றில் அது அழுக்கையும் இற்றுப்போதலையுமே சேர்க்கிறது. பழைய கடையில் மெத்தை, பஞ்சுத் தலையணை, கம்பளம் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை.

அம்மாபேட்டைத் தம்பதிக்கு, வாடகை வீடு என்பதால், இரண்டாவது வழியையே பெரிதும் பரிந்துரைத்தேன். பச்சைப் பட்டை ஓடும் ஜமக்காளம் ஒன்று, ஊரிலிருந்து வந்த நாற்காலிக்கு மஞ்சள் ஒயர்ப் பின்னல், சுவரில் ஐந்தாறு எனாமல் தட்டுகள், அவ்வளவு போதும். ஒரு நிறத்தை, அவர்கள் விஷயத்தில் பச்சையை, கூடத்தில் மூன்று இடங்களில் சிறிதும் பெரிதுமாகத் திரும்ப வரவைத்தால், மற்ற நிறங்கள் எத்தனை இருந்தாலும் கண் தடுமாறாது. தட்டுகளை மாட்ட ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்கச் சொன்னேன். பெரிய அலமாரி வாங்கும் ஆசையைத் தள்ளிப்போடச் சொன்னதில் அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். அவர்கள் வீட்டு நிலைவாசலின் அகலத்தை நாங்கள் டேப் வைத்து அளந்தபோது, அவர் பார்த்து வைத்திருந்த அலமாரி நான்கு அங்குலம் பெரிதாக இருந்தது.

சொந்த வீடு, கீழ்த்தளம், நம்பிக்கையான ஆசாரி ஆகிய மூன்றும் சேலத்தில் அமைந்தவர்கள் முதல் வழியில் தாராளமாக இறங்கலாம். நம்பிக்கையான ஆசாரி என்பது அந்த மூன்றில் அரிதானது.

ஏற்காட்டு ஆசிரியைக்குக் கணக்கு மாறுகிறது. கனமான பொருளை மலைமேல் ஏற்றும் வண்டிக் கூலி, பொருளின் விலையையே எட்டிப் பிடிக்கும். ஆகவே மேலே போவது ஒரே நடையில், ஒரே சின்ன வண்டியில் அடங்க வேண்டும். பழைய தேக்கில் ஒரு மேசை, ஒயர்ப் பின்னலில் இரண்டு நாற்காலிகள், மெல்லிய கைத்தறித் திரைகள் முதல் பட்டியலில் இருக்கட்டும். மரச்சாமானைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும். பித்தளையில் ஒரே ஒரு விளக்கு போதும். வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்க்கும் பொறுமை தமக்கு உண்டு என்று அவர் சொல்லுவதால் மட்டுமே அதையும் சேர்த்தேன். ஜமக்காளத்தை இப்போது வாங்க வேண்டாம் என்றேன். வீட்டில் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையைக் கழித்துப் பார்க்கட்டும். எந்தச் சுவரில் ஈரம் இறங்குகிறது, எந்த மூலையில் காலை வெயில் விழுகிறது என்பது தை பிறப்பதற்குள் தெரிந்துவிடும், அந்த வெயில் விழும் மூலையை அளந்துகொண்டு பவானிக்குப் போகலாம்.